பிக்கப்புக்குப் பின்பட்டை ஏற்றுவது: எது மாறும், எது மாறாது

பிக்கப் வண்டியின் பின் அச்சு சேஸோடு நேராகச் சேர்ந்திருக்காது. இரண்டுக்கும் நடுவே பக்கத்துக்கு ஒன்றாகக் கமான் பட்டை செட் இருக்கும். தருமபுரிப் பக்கத்துப் பாலக்கோடு தக்காளி மண்டிக்கு வரும் பொலேரோ பிக்கப், அசோக் லேலண்ட் தோஸ்த், டாடா ஏஸ் என எந்த வண்டியைக் குனிந்து பார்த்தாலும் பின்னால் தெரிவது இதுதான். கார்கள் சுருள் ஸ்பிரிங்குக்கு மாறி வெகுகாலம் ஆகிறது. லோடு வண்டிகள் மாறாததற்குக் காரணம் உண்டு. சுருள் ஸ்பிரிங் எடையை மட்டும்தான் தாங்கும். அச்சு முன்னும் பின்னும் நகராமல், பக்கவாட்டில் ஓடாமல் பிடித்து வைக்கத் தனியாகக் கம்பிகள் வேண்டும். பட்டை இரண்டு வேலையையும் தானே பார்த்துக்கொள்ளும். ஒரு பட்டை உடைந்தால் அதை மட்டும் கழற்றி மாற்றலாம். ஊர்ப் பட்டறையே போதும். மிராசுதார் வீட்டு வில்வண்டியில் மாட்டுக்கும் ஆளுக்கும் அலுப்புத் தட்டாமல் வைத்திருந்ததும் இதே பட்டைதான். எஃகின் தரமும் பட்டைகளின் எண்ணிக்கையும் மாறின, தத்துவம் மாறவில்லை.

செட்டின் அமைப்பு எளிது. எல்லாவற்றிலும் நீளமானது மெயின் பட்டை. அதன் இரு முனையும் வளையமாகச் சுருட்டப்பட்டு உள்ளே புஷ் போட்டிருக்கும். முன் வளையம் சேஸில் உள்ள பிராக்கெட்டில் அசையாமல் பூட்டப்படும். பின் வளையம் ஷாக்கிள் என்ற ஊஞ்சல் துண்டில் தொங்கும். லோடு ஏறி வளைவு நிமிரும்போது பட்டையின் நீளம் கூடுமே, அந்த நீளத்துக்கு இடம் கொடுப்பது ஷாக்கிள். மெயினுக்குக் கீழே ஒன்றைவிட ஒன்று குட்டையாக மற்றப் பட்டைகள் அடுக்கப்பட்டு, நடுவில் சென்டர் போல்ட்டால் கோக்கப்படும். முழு அடுக்கையும் அச்சின் ஹவுசிங்கோடு இறுக்கிப் பிடிப்பவை யூ-போல்ட்டுகள். சேஸின் அடியில் ஒரு ரப்பர் கட்டை இருக்கும். பட்டை அதற்குமேல் நிமிர முடியாத நிலையில் அச்சு வந்து இடிக்கும் இடம் அது.

பட்டை தளர்ந்த வண்டியை ரோட்டில் தூரத்திலிருந்தே அடையாளம் காணலாம். பின்பக்கம் உட்கார்ந்து, மூக்கு வானத்தைப் பார்த்திருக்கும். இரவில் அதன் லோ பீம்கூட எதிரில் வருபவர் கண்ணில்தான் அடிக்கும். ஸ்டீயரிங் லேசாகிவிடும். லேசாக இருப்பதை வசதி என்று நினைக்கும் ஓட்டுநர்களும் உண்டு. முன் சக்கரம் தரையை அழுத்துவது குறைந்துவிட்டது என்பதே அதன் அர்த்தம். வேகத்தடையில் ரப்பர் கட்டை இடிக்கும் ஓசை கேட்கும். டயரின் மேல்விளிம்பு பாடியில் உரசிய கறுப்புத் தடம் இருக்கும்.

இங்கே பலரும் தாண்டிப் போகும் ஒரு கேள்வி இருக்கிறது. பட்டை தளர்ந்ததால் வண்டி உட்கார்ந்ததா, லோடு மிஞ்சியதால் உட்கார்ந்ததா? இரண்டுக்கும் வைத்தியம் வேறு. காலி வண்டியைச் சமதரையில் நிறுத்தி, பின் சக்கர நடுவிலிருந்து பாடியின் விளிம்பு வரை இருபக்கமும் அளந்தால் முதல் பாதி விளங்கும். காலியாக இருக்கும்போதே தாழ்ந்திருந்தால், அல்லது ஒரு பக்கம் மட்டும் தாழ்ந்திருந்தால், பட்டை களைத்துவிட்டது அல்லது உள்ளே ஒன்று உடைந்திருக்கிறது. உடைப்பு பெரும்பாலும் சென்டர் போல்ட் துளையில்தான் விழும். யூ-போல்ட் இறுக்கத்துக்குள் மறைந்திருப்பதால் மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது.

மறுபாதிக்கு எடை மேடைக்குப் போகவேண்டும். வழக்கமான லோடோடு முழு வண்டியை ஒருமுறையும், பின் அச்சை மட்டும் மேடையில் ஏற்றி இன்னொரு முறையும் எடை போட்டால் போதும். முன் அச்சின் எடை கழித்தலில் கிடைத்துவிடும். பொலேரோ பிக்கப்பில் 1.3 டன், 1.7 டன் என்று பெயரோடு சேர்த்துச் சொல்வது அது சுமக்கக்கூடிய சரக்கின் அளவு. பெட்டியில் பழம் 25 கிலோ, பெட்டியின் சொந்த எடை 2 கிலோ என்று வைத்தால், 48 பெட்டியில் 1.3 டன் முடிந்துவிடுகிறது, 1.7 டன் வண்டிக்கு 62 பெட்டி. வாடகை பெட்டிக்கணக்கில் பேசப்படும் இடத்தில் இந்த எண்ணிக்கையோடு யாரும் நிறுத்துவதில்லை. கோயம்பேட்டுக்குப் போகும் வண்டியில் இன்னும் நாலு வரிசை ஏற்றினால் டீசல் செலவு அவ்வளவாகக் கூடாது, வரும்படி மட்டும் கூடும். பட்டறை வாசலில் வந்து நிற்கும் "பட்டை வீக்கு" வண்டிகளில் ஒரு பகுதி உண்மையில் லோடு மிஞ்சிய வண்டிகள்தான்.

சரி, பட்டையைப் பலப்படுத்த என்னென்ன வழி?

செலவு குறைவான வழி, பழைய பட்டைக்கே மறுபடி வளைவு ஏற்றுவது. செட்டைப் பிரித்து ஒவ்வொரு பட்டையையும் அடித்து வளைப்பார்கள். இதன் ஆயுள் முழுக்க முழுக்கப் பட்டறையின் கைப்பக்குவத்தைப் பொறுத்தது. ஸ்பிரிங் எஃகுக்குக் குணம் வருவது உலையில் சூடேற்றி, எண்ணெயில் தோய்த்து, பிறகு மிதமான சூட்டில் பதப்படுத்துவதால். முறையாகச் செய்யும் பட்டறையில் இந்த மூன்றும் நடக்கும். கேஸ் வைத்துச் சிவக்கச் சிவக்கச் சூடாக்கி வளைத்துத் தண்ணீரை ஊற்றும் இடத்தில் பட்டை கண்ணாடிபோல உடையும். தானாக ஆறவிட்டாலோ சில வாரத்தில் பழையபடி தொங்கிவிடும். தொழிற்சாலையில் பட்டையின் மேற்பரப்பில் சிறு எஃகுக் குண்டுகளைப் பீய்ச்சியடித்து இறுக்குவார்கள், விரிசல் தொடங்காமலிருக்க. அந்தப் பாதுகாப்பு மறுசூட்டில் போய்விடும். எனவே வளைவு ஏற்றிய பட்டை புதுப்பட்டைக்கு ஈடாகாது. அவசரத்துக்குச் சரி.

அடுத்தது, எல்லோரும் கேட்டு வாங்கும் எக்ஸ்ட்ரா பட்டை. இதில் கணக்கு சுவையானது. பட்டையின் விறைப்பு அகலத்துக்கும் எண்ணிக்கைக்கும் ஏற்ப நேர்விகிதத்தில் கூடும். தடிமனுக்கோ மும்மடியில் கூடும். நீளம் கூடினால் அதே மும்மடியில் குறையும். ஐந்து பட்டைகள், ஒவ்வொன்றும் 8 மில்லிமீட்டர் தடிமன் என்று வைத்துக்கொள்வோம். அதே தடிமனில் ஆறாவது ஒன்றைச் சேர்த்தால் விறைப்பு தோராயமாக 20 சதவீதம் கூடும். அதாவது முன்பு 10 சென்டிமீட்டர் இறங்கிய வண்டி அதே லோடுக்கு இப்போது 8.3 சென்டிமீட்டர் இறங்கும். கிடைத்தது ஒன்றே முக்கால் சென்டிமீட்டர்கூட இல்லை. ஒரு பட்டை வைத்ததும் வண்டி நாலு விரல் தூக்கி நிற்கிறது என்றால், அது புதுப்பட்டைக்குக் கொடுத்த கூடுதல் வளைவின் வேலை.

அந்த ஆறாவது பட்டை 8-க்குப் பதில் 10 மில்லிமீட்டராக இருந்தால் விறைப்பு 39 சதவீதம் கூடும். இரண்டே மில்லிமீட்டர் வித்தியாசத்தில் பலன் இருமடங்காகிறது. ஆகவே தடியான பட்டையாகப் பார்த்துப் போடச் சொல்வது வண்டிக்காரர்களிடம் வழக்கம். ஆனால் அடுக்கில் உள்ள எல்லாப் பட்டையும் ஒரே அளவு வளையவேண்டியிருக்கும்போது, தடித்த பட்டையின் மேற்பரப்புதான் அதிகம் இழுபடும். 8-க்கு நடுவே 10 இருந்தால் அந்த ஒன்றுக்கு மட்டும் தகைவு 25 சதவீதம் கூடுதல். முதலில் உடைவதும் அதுதான். ஒரே தடிமனில் சேர்ப்பதோ, தடித்த பட்டையைக் குட்டையாக அடியில் வைப்பதோ நல்லது. அகலம் ஒன்றாக இருக்கவேண்டும், வளைவு பக்கத்துப் பட்டையைவிடச் சற்று அதிகமாக இருக்கவேண்டும். அப்போதுதான் யூ-போல்ட்டை முறுக்கும்போது இடைவெளியில்லாமல் ஒட்டி உட்காரும். பட்டைகளுக்கு நடுவே கிராஃபைட் கிரீஸ் தடவுவதை அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். கிரீஸ் இல்லாத செட் கிறீச்சிடும், துருப்பிடிக்கும்.

எக்ஸ்ட்ரா பட்டையின் பெரிய குறை வேறொன்று. அது எப்போதும் வேலை செய்யும். லோடை இறக்கிவிட்டு மாரண்டஅள்ளிப் பக்கம் காலியாகத் திரும்பும்போதும் அதே விறைப்புதான். பின்பக்கம் துள்ளும், மழையில் சக்கரம் வழுக்கும், அரை லோடு தக்காளியோடு போனால் அடிவரிசைப் பழம் அதிர்ச்சியில் நசுங்கும். ஓட்டுநருக்கு இடுப்பு வலி, வியாபாரிக்குக் கழிவு.

இந்தக் குறை இல்லாதது ஹெல்பர். இது மெயின் செட்டின் மேலே தனியாக உட்கார்ந்திருக்கும். காலி வண்டியில் அதன் முனைகள் எதையும் தொடாது. லோடு ஏறி வண்டி இறங்கியதும் சேஸில் பொருத்திய கட்டைகளில் போய் முட்டும். முட்டிய கணத்திலிருந்து விறைப்பு கூடுகிறது. காலியில் மென்மை, லோடில் பலம். போகும்போது நிறையவும் திரும்பும்போது காலியாகவும் ஓடும் பாலக்கோட்டு வண்டிகளுக்கு இருக்கிற வழிகளிலேயே பொருத்தமானது இதுதான். முட்டும் இடைவெளியைச் சரியாக வைப்பதில்தான் சூட்சுமம்: பாதி லோடில் முட்டினால் போதும். காலியிலேயே முட்டிக்கொண்டிருந்தால் அதற்கும் எக்ஸ்ட்ரா பட்டைக்கும் வித்தியாசம் இல்லை.

நீளமான ஷாக்கிள் போட்டுத் தூக்குவது ஏமாற்று வித்தை. கூட்டிய நீளத்தில் சுமார் பாதி அளவுக்குப் பாடி உயரும், விறைப்பு ஒரு துளியும் கூடாது. அச்சு லேசாகத் திரும்பிவிடுவதால் புரொப்பெல்லர் ஷாஃப்டின் கோணம் மாறி, யுனிவர்சல் ஜாயின்ட் அதிர ஆரம்பிக்கும்.

காற்றுப்பை இங்கே இன்னும் அபூர்வம். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் கேம்பர் என்ற சக்கர வீட்டை இழுக்கும் பிக்கப்களில் சேஸுக்கும் அச்சுக்கும் நடுவே ரப்பர் பையைப் பொருத்தி, லோடுக்கு ஏற்பக் காற்றை ஏற்றி இறக்குகிறார்கள். வசதியானது. ஆனால் பட்டையின் இரு முனை வழியாகச் சேஸில் இறங்கவேண்டிய பாரத்தில் ஒரு பங்கை அது அச்சுக்கு நேர் மேலே ஒரே இடத்தில் இறக்குகிறது. மோசமான தடத்தில், மிஞ்சிய லோடோடு, அந்த இடத்தில் சேஸ் வளைந்துபோன பிக்கப்கள் ஆஸ்திரேலிய உள்நாட்டுப் பாதைகளில் பிரசித்தம்.

எந்த வழியில் போனாலும் பட்டறையில் யாரும் பேசாத ஒன்றைச் சொல்லவேண்டும். பல பிக்கப்களில் பின் அச்சுக்கு அருகே, சேஸில் ஒரு சின்ன பிரேக் வால்வும் அதிலிருந்து அச்சுக்கு ஒரு கம்பியும் இருக்கும். லோடு எவ்வளவு என்பதை இந்த வால்வு எப்படி அறிகிறது? பாடி எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதை வைத்துத்தான். இறங்கியிருந்தால் பின் பிரேக்குக்கு முழு அழுத்தம் தரும். உயர்ந்திருந்தால் வண்டி காலி என்று முடிவுகட்டி, பின் சக்கரம் பூட்டிக்கொள்ளாமலிருக்க அழுத்தத்தைக் குறைக்கும். பட்டையை விறைப்பாக்கியதும் முழு லோடிலும் வண்டி நிமிர்ந்து நிற்கிறது, வால்வு ஏமாந்துபோகிறது. கனமான பின்பக்கத்துக்குக் குறைந்த பிரேக். தருமபுரியிலிருந்து சேலம் போகும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் தொப்பூர் கணவாய் இறக்கம் எத்தனை விபத்துகளைப் பார்த்திருக்கிறது என்று இந்தப் பக்கத்து ஓட்டுநருக்குச் சொல்லவேண்டியதில்லை. அங்கே முன் பிரேக் மட்டும் கிடந்து காயும். வால்வின் கம்பியைப் புதிய உயரத்துக்கு ஏற்பச் சரிசெய்யாமல் பட்டை வேலையை முடிந்ததாகக் கருதக்கூடாது. பட்டறையில் தெரியாது என்றால் கம்பெனி சர்வீஸில் கேட்டுச் செய்துகொள்ளவேண்டும்.

லோடின் அளவைப் போலவே லோடு இருக்கும் இடமும் முக்கியம். பின் அச்சுக்கு முன்னால் வைக்கும் எடையை இரண்டு அச்சும் பங்கிட்டுக்கொள்ளும். அச்சுக்குப் பின்னால் வைத்தால் கதை வேறு: வைத்த எடையைவிட அதிகம் பின் அச்சில் ஏறும், முன் அச்சில் இருந்த எடையும் கழியும். பாலக்கோடு கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிச் செல்லும் டிராக்டர் மேட்டில் முன் சக்கரத்தைத் தூக்குவதற்கு இழுவிசையோடு இதுவும் ஒரு காரணம். டிராக்டரின் பின் அச்சுக்குப் பட்டையே கிடையாது. அதனால் அங்கே தொங்குவதற்கு எதுவுமில்லை, நேராக மூக்கு எழும்புகிறது. பிக்கப்பில் பட்டை முதலில் அமுங்கிக்கொடுப்பதால் அதே சங்கதி மெல்ல நடக்கிறது. பின்கதவைத் திறந்துபோட்டு அதன்மேல் ஒரு வரிசைப் பெட்டி ஏற்றுவது பட்டையை வதைப்பதற்குச் சிறந்த வழி. அதே பெட்டிகளை கேபினை ஒட்டி அடுக்கினால் எக்ஸ்ட்ரா பட்டை தேவைப்படாமலே போகலாம்.

கேம்பர் டிரெய்லர் இழுக்கும்போது நடப்பதும் இதேதான். சக்கர வீட்டை இழுத்துக்கொண்டு ஊர் சுற்றும் வழக்கம் இங்கே அரிது; அப்படிப் போகிறவர்கள் இசுசு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் போன்ற பிக்கப்களையே நாடுகிறார்கள். அவற்றிலும் பின்னால் பட்டைதான். டிரெய்லர் தன் எடையில் 10 முதல் 15 சதவீதத்தைக் கொக்கியில் இறக்கவேண்டும் என்பது பொதுவிதி. அதற்குக் குறைந்தால் வேகத்தில் டிரெய்லர் பாம்புபோல நெளியும். கூடினால் பிக்கப் உட்காரும். 1,000 கிலோ டிரெய்லர் கொக்கியில் 120 கிலோ இறக்குகிறது என்போம். பிக்கப்பின் இரு அச்சுக்கும் நடுவே 3 மீட்டர், கொக்கி பின் அச்சிலிருந்து 1.2 மீட்டர் பின்னால். பின் அச்சில் ஏறுவது 120 அல்ல, 168 கிலோ. முன் அச்சில் 48 கிலோ குறைகிறது. பட்டையைப் பலப்படுத்தினால் பின்பக்கம் உயரும். முன்னால் போன 48 கிலோ திரும்பி வராது. அதைத் திருப்பித் தர, எடையை முன்னுக்குத் தள்ளும் பக்கக்கம்பிகள் கொண்ட தனிக் கொக்கி வேண்டும், அல்லது டிரெய்லருக்குள் சாமான்களை அதன் அச்சுக்கு மேலே நகர்த்தவேண்டும். இரண்டாவதற்குச் செலவில்லை. முன்னும் பின்னும் தனித்தனி அச்சு உள்ள நான்கு சக்கர டிரெய்லரில் முன்சக்கரங்களே அதன் முன்பாரத்தைத் தாங்குவதால் இந்தச் சிக்கல் எழாது.

பட்டையைத் தவிர வேறெதுவும் மாறவில்லை என்பதை நினைவில் வைக்கவேண்டும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்ட சுமை எண், ஹப் பேரிங், ஹவுசிங், பிரேக் டிரம், சேஸ் எல்லாம் கம்பெனி கணக்கிட்ட பழைய எடைக்கானவை. பட்டை தொங்குவதுதான் ஓட்டுநருக்குக் கிடைக்கும் ஒரே எச்சரிக்கை. அதை நிமிர்த்திவிட்டால் அடுத்துப் பேசப்போவது பேரிங்கோ டயரோ.

சட்டமும் உயரத்தைப் பார்ப்பதில்லை, எடையைத்தான் பார்க்கிறது. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள மொத்த எடையைத் தாண்டக்கூடாது என்பது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 113-ஆம் பிரிவு. தாண்டினால், 2019 திருத்தத்துக்குப் பிறகு 194-ஆம் பிரிவின்படி 20,000 ரூபாயும், மிஞ்சிய ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். கூடுதல் சரக்கை இறக்கும் செலவும் வண்டிக்காரருடையது. ஆர்.சி. விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதை 52-ஆம் பிரிவு தடுக்கிறது. அதன் வீச்சை உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் ஒருமுறை உறுதிப்படுத்தியது. ஆஸ்திரேலியாவில் பட்டை, ஷாக் அப்சார்பர் எல்லாம் சான்றளித்த செட்டாக மாற்றினால் வண்டியின் மொத்த எடையளவையே சட்டப்படி உயர்த்தி எழுதித் தரும் முறை இருக்கிறது. இங்கே பட்டறை ரசீதைக் காட்டி ஆர்.சி.யின் எண்ணை மாற்றமுடியாது. தளர்ந்த பட்டைக்குப் பதில் கம்பெனி அளவிலேயே புதுச் செட் போடுவதில் எந்தச் சிக்கலும் இல்லை.

வேலை முடிந்ததும் பார்க்கவேண்டியவை சில. இரு பக்கமும் ஒரே நாளில், ஒரே மாதிரி செய்யப்பட்டிருக்கவேண்டும். ஒரு பக்கம் மட்டும் செய்தால் வண்டி சாய்ந்தே ஓடும். அடுக்கு உயர்ந்ததால் பழைய யூ-போல்ட்டில் நட்டுக்கு வெளியே மரை மிஞ்சவில்லை என்றால் நீளமானதைப் புதிதாக வாங்கவேண்டும். மரை மிஞ்சினாலும், ஒருமுறை முறுக்கி நீண்ட யூ-போல்ட்டை மறுபடி பயன்படுத்தாமலிருப்பதே சரி. பட்டையில் எங்கேயும் வெல்டிங் வைக்க அனுமதிக்கக்கூடாது. புஷ் போல்ட்டுகளின் கடைசி முறுக்கு, ஜாக்கியை இறக்கி வண்டி தன் சக்கரத்தில் நிற்கும்போது நடக்கவேண்டும். தொங்கும் நிலையில் முறுக்கினால் ரப்பர் புஷ் முறுகிக்கொண்டே கிடந்து சீக்கிரம் கிழியும். ஷாக் அப்சார்பர் எண்ணெய் கசிந்தால் அதையும் சேர்த்து மாற்றாவிட்டால் விறைத்த பட்டையின் துள்ளலை அடக்க ஆளிருக்காது. ஹெட்லைட்டின் உயரத்தை ஒரு சுவரில் அடித்துப் பார்த்துத் திருத்தவேண்டும்.

புதுப்பட்டைகள் லோடில் ஓடி ஒன்றோடொன்று படிந்ததும் அடுக்கின் உயரம் ஒரு மயிரிழை குறையும், அந்த அளவுக்கு யூ-போல்ட் தளரும். தளர்ந்த யூ-போல்ட்தான் சென்டர் போல்ட்டை அறுக்கிறது. அறுந்தால் அச்சு ஒரு பக்கம் பின்னுக்கு நகர்ந்து வண்டி கோணலாக ஓடும். அதனால் முதல் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் பட்டறைக்குத் திரும்பிப் போய் ஒருமுறை முறுக்கிக்கொள்ளவேண்டும். பட்டறைக்காரர்கள் இதைச் சொல்லித்தான் அனுப்புகிறார்கள், வண்டிக்காரர்கள்தான் வருவதில்லை.